ஒரு பெயர், மூன்று சர்வர்கள்

நிலம் வாங்கியவர் பத்திரத்தைப் பதிவு செய்கிறார். மூலப் பத்திரம் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். வீட்டில் தீப்பிடித்துப் பத்திரம் எரிந்துபோனாலும் நிலம் கைவிட்டுப் போய்விடாது. மனு எழுதிக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரே செய்தி இரு படிகளாக உள்ளது என்பது ஒன்று. அவ்விரு படிகளும் ஒரே கூரையின் கீழ் இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் தீ இரண்டையும் தின்றிருக்கும் அல்லவா?

இன்று பத்திரங்கள், மதிப்பெண் பட்டியல்கள், மருத்துவக் குறிப்புகள் எல்லாம் கணிப்பொறிக் கோப்புகளாக மாறிவிட்டன. அவற்றை எத்தனை இடங்களில் வைப்பது? ஓர் இடம் பழுதானால் மற்றோர் இடத்திலிருந்து வேலை தடைப்படாமல் நடப்பது எப்படி? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பொதுக் கோப்பறை

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள பேரையூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணிப்பொறி அறை, தலைமையாசிரியர் அறை, நூலகம் ஆகிய மூன்று இடங்களிலும் கணிப்பொறிகள் உள்ளன. அவை கம்பிகளால் இணைக்கப்பட்டுள்ளன. வினாத்தாள்கள், மதிப்பெண்கள், மாணவர்களின் செய்முறைக் குறிப்புகள் ஆகியவை ஒரு கணிப்பொறியில் மட்டும் சேமிக்கப்படுகின்றன. மற்றக் கணிப்பொறிகள் வேண்டும்போது அதனிடமிருந்து கோப்புகளைக் கேட்டு வாங்குகின்றன. கேட்டதைக் கொடுக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்பர். எல்லோரும் பயன்படுத்தும் அந்தச் சேமிப்பிடத்தைப் பொதுக் கோப்பறை எனலாம்.

இதில் வசதி உண்டு. ஆசிரியர் நூலகத்தில் திருத்திய கோப்பைத் தலைமையாசிரியர் தம் அறையிலேயே திறந்து பார்க்கலாம். ஆனால் ஆபத்தும் உண்டு. சர்வரின் வட்டு தேய்ந்து நின்றாலோ, இடி மின்னலில் அதன் மின்சுற்று கருகினாலோ, மூன்று அறைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நின்றுவிடும்.

இந்த ஆபத்தைச் சின்னப் பள்ளிகளின் கவலை என்று எண்ணிவிடாதீர்கள். தென்கொரியாவின் தேஜோன் நகரில் அந்நாட்டு அரசின் தகவல் மையம் ஒன்று உள்ளது. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கிருந்த லித்தியம்-அயனி மின்கலங்களில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் பொதுக் கோப்பறை அழிந்தது. அதில் இருந்தவை 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வைக்கப்படவில்லை. கணிப்பொறித் துறையில் முன்னணியில் உள்ள நாட்டுக்கே இந்த நிலை!

படியெடுத்தல்

பேரையூர்ப் பள்ளிக்கு இரண்டாவது சர்வர் ஒன்று வாங்கி நூலகத்தில் வைக்கிறோம். முதல் சர்வரில் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டாவதிலும் எழுதப்பட வேண்டும். இதற்கு இரு முறைகள் உண்டு.

முதல் முறையில் இரண்டு சர்வர்களும் ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்ன பிறகே கோப்பு சேமிக்கப்பட்டதாகக் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். இது உடனடிப் படியெடுப்பு. இரண்டாம் முறையில் முதல் சர்வர் எழுதியதுமே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். மற்றதில் சிறிது நேரம் கழித்துப் படி சேரும். இது தாமதப் படியெடுப்பு. முன்னதில் இரு படிகளும் எப்போதும் ஒன்றாக இருக்கும். பின்னதில் முதல் சர்வர் திடீரென்று அழிந்தால் கடைசிச் சில நிமிடங்களின் வேலை போய்விடும்.

அப்படியானால் எப்போதும் முதல் முறையையே பின்பற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 100 மீட்டர் தொலைவில் உள்ள நூலகத்துக்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு மைக்ரோ வினாடி போதும். 500 கிலோமீட்டர் இழைக்கு அப்பால் ஒரு சர்வர் இருந்தால் போய்த் திரும்ப 5 மில்லி வினாடி ஆகும். ஆயிரம் சிறு கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் காத்திருப்பில் மட்டும் 5 வினாடி வீணாகும். ஆகவே பக்கத்துச் சர்வர்களுக்கு உடனடிப் படியெடுப்பும், தொலைவில் உள்ளவற்றுக்குத் தாமதப் படியெடுப்பும் ஏற்றவை.

யார் பெயருக்கு எழுதுவது?

கோப்பு இரண்டு இடங்களில் உள்ளது. மாணவரின் கணிப்பொறி எந்தச் சர்வரைக் கேட்பது? ‘கணிப்பொறி அறைச் சர்வர்’ என்று பெயர் குறித்துக் கேட்டால் அது படுத்துவிட்ட நாளில் பதில் வராது. பக்கத்து அறையில் படி இருந்தும் பயன் இல்லை.

பள்ளிக்குக் கடிதம் எழுதும்போது என்ன செய்கிறோம்? ‘தலைமையாசிரியர் அவர்கள்’ என்று பதவியைக் குறித்து எழுதுகிறோம். அவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பில் உள்ளவர் கடிதத்தைப் பிரிப்பார். கடிதம் எழுதியவர் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. அதுபோலவே கோப்பறைக்கும் ஒரு பொதுப் பெயர் சூட்டப்படுகிறது. அப்பெயருக்குப் பின்னால் எந்தச் சர்வர் பதில் சொல்கிறது என்பதை மாணவர் அறிய வேண்டியதில்லை. ஒன்று நின்றால் கேள்வி தானாகவே மற்றொன்றுக்குப் போகும்.

ஒன்று நின்றுவிட்டதென்று மற்றொன்றுக்கு எப்படித் தெரியும்? சர்வர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒன்றுக்கொன்று ‘இருக்கிறேன்’ என்னும் சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதனை இதயத் துடிப்பு என்பர். துடிப்பு சில முறை தொடர்ந்து வராவிட்டால் எதிர்ச் சர்வர் விழுந்துவிட்டதென்று முடிவு செய்யப்படும்.

இரு தலைச் சிக்கல்

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. துடிப்பு வரவில்லை என்றால் எதிர்ச் சர்வர் நின்றுவிட்டது என்றுதான் பொருளா? இரண்டுக்கும் நடுவே உள்ள கம்பி அறுந்திருக்கலாம் அல்லவா? அப்போது இரண்டு சர்வர்களும் நலமாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாக எண்ணித் தானே தலைமை ஏற்கும்.

கணிப்பொறி அறையில் ஓர் ஆசிரியர் ஒரு மாணவியின் மதிப்பெண்ணை 78-லிருந்து 87 ஆகத் திருத்துகிறார். அதே நேரத்தில் நூலகத்தில் மற்றோர் ஆசிரியர் அதே கோப்பில் வேறொரு மாணவரின் மதிப்பெண்ணைச் சேர்க்கிறார். கம்பி மீண்டும் இணைந்ததும் இரண்டு கோப்புகள் எதிரெதிரே நிற்கும். எது சரி? எதை வைத்துக்கொண்டாலும் ஒருவருடைய மதிப்பெண் தவறாகிவிடும். இதனை மூளை பிளவுபட்ட நிலை என்று கணிப்பொறி வல்லுநர் கூறுவர்.

இதற்கு மருந்து மூன்றாவது சர்வர். ‘மூன்றில் இரண்டு சேர்ந்திருந்தால் மட்டுமே எழுதலாம்’ என்று விதி செய்துவிடுகிறோம். கம்பி எங்கே அறுந்தாலும் இரண்டு இரண்டாக இரு அணிகள் உருவாக மூன்று சர்வர்களில் இடமில்லை. இருவர் உள்ள பக்கம் எழுதும். தனித்து நிற்கும் சர்வர், தன்னிடம் பழுது ஏதும் இல்லாவிட்டாலும், எழுத மறுத்துவிடும். அந்த மறுப்பே கோப்பைக் காக்கிறது.

சிதம்பரத்தில் படித்தவரின் மென்பொருள்

இந்த வேலைகளையெல்லாம் செய்யும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை நாம் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் குளஸ்டர். குனு, கிளஸ்டர் என்னும் இரு சொற்களைச் சேர்த்துச் சூட்டிய பெயர் இது. இதனை உருவாக்கியதில் முதன்மையானவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். குளஸ்டர் நிறுவனம் 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பொறியாளர்கள் பெங்களூரிலும் பணியாற்றினர். 2011-இல் அமெரிக்காவின் ரெட் ஹேட் நிறுவனம் 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு அதனை வாங்கியது. 2024 இறுதியோடு ரெட் ஹேட் தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. ஆயினும் இது திறந்த மூல மென்பொருள். ஆகவே இதன் நிரலை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம்.

பேரையூர்ப் பள்ளியில் குளஸ்டரை அமைப்பதாகக் கொள்வோம். முதலில் மூன்று சர்வர்களையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்கிறோம். பிறகு ஒவ்வொன்றின் வட்டிலும் ஓர் இடத்தை ஒதுக்குகிறோம். அந்த இடத்தைச் செங்கல் என்றே அம்மென்பொருளில் அழைக்கிறார்கள். மூன்று செங்கற்களையும் சேர்த்து, ‘மூன்று படி’ என்று குறிப்பிட்டு, ஒரே பெயருடைய கோப்பறையாகக் கட்டுகிறோம். கடைசியாக, மாணவர் கணிப்பொறிகளில் அந்தக் கோப்பறையை இணைக்கிறோம். இணைக்கும்போது ஒரு சர்வரின் முகவரியை மட்டும் கொடுத்தால் அது நின்றிருக்கும் நேரத்தில் வாசலே திறக்காது. ஆகவே மற்ற இரண்டின் முகவரிகளையும் மாற்று முகவரிகளாகக் கொடுக்க வேண்டும்.

குளஸ்டரில் இன்னொரு நுட்பம் உண்டு. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்று குறித்துவைக்கும் தனிக் கணிப்பொறி அதில் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் அது விழும்போது எல்லாமே விழும். அதற்குப் பதிலாகக் கோப்பின் பெயரையே ஒரு கணக்கில் இட்டு, வரும் விடையைக் கொண்டு இடத்தை அறிந்துகொள்கிறது. கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே யாரிடமும் கேட்காமல் ஒவ்வொரு கணிப்பொறியும் ஒரே விடையைப் பெறும்.

விழுந்த சர்வர் திரும்பி வந்தால் என்ன ஆகும்? அது இல்லாத நேரத்தில் மாறிய கோப்புகளை மற்ற இரண்டும் குறித்து வைத்திருக்கும். அவற்றை மட்டும் புதுப்பித்துக்கொண்டு அது மீண்டும் வரிசையில் சேரும். மூன்றாவது சர்வரில் பெரிய வட்டு வாங்கப் பணம் இல்லையா? அதற்கும் வழி உண்டு. கோப்பின் உள்ளடக்கத்தை வைக்காமல் பெயரையும் மாற்றக் குறிப்புகளையும் மட்டும் வைத்திருக்கும் நடுவர் சர்வர் ஒன்றை அமைக்கலாம். பழைய, சிறிய கணிப்பொறியே அதற்குப் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சர்வர் நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்குகிறது என்று கொள்க. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. அதில் ஒரு விழுக்காடு 87 மணி 36 நிமிடம். அதாவது மூன்றரை நாளுக்கு மேல் வேலை நிற்கும்.

இரண்டு சர்வர்களில் ஒன்று இருந்தாலே போதும் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும் வாய்ப்பு 0.01 × 0.01 = 0.0001. ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடம்தான். ஆனால் முன்னே கண்ட இரு தலைச் சிக்கல் இதில் உண்டு.

சிக்கலைத் தவிர்க்க இரண்டும் இருந்தால்தான் எழுதலாம் என்று விதித்தால்? 0.99 × 0.99 = 0.9801. வேலை நிற்கும் பங்கு 0.0199. ஆண்டுக்கு ஏழு நாளுக்கும் அதிகம்! எழுதும் வேலையைப் பொறுத்தவரை ஒரே சர்வர் இருந்ததைவிட இது மோசம். பணம் செலவழித்துத் தொல்லையை வாங்கியது போலாகும்.

மூன்றில் இரண்டு இருந்தால் எழுதலாம் என்றால்? குறைந்தது இரண்டு நிற்கும் வாய்ப்பு (3 × 0.01 × 0.01 × 0.99) + (0.01 × 0.01 × 0.01) = 0.000298. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மணி 37 நிமிடம். 53 நிமிடத்தைவிட இது அதிகம்தான். ஆனால் கோப்புகள் முரண்படாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

இப்போது ஒரு கேள்வி. இக்கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அது என்ன? வாய்ப்புகளைப் பெருக்கினோம் அல்லவா? நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் அப்படிப் பெருக்கலாம். மூன்று சர்வர்களும் ஒரே மின் இணைப்பில் உள்ளன, அம்மின் இணைப்பு நூற்றுக்கு ஒரு பங்கு நேரம் தடைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மூன்றும் சேர்ந்தே நிற்கும். சர்வர்களை முப்பதாக உயர்த்தினாலும் ஆண்டுக்கு 87 மணி 36 நிமிடத்துக்குக் கீழே உங்களால் இறங்க முடியாது.

ஒரே பாதையில் இரு கம்பிகள்

ஒன்றையொன்று சாராதிருத்தல் என்பது சொல்ல எளிது, செய்ய அரிது. இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தை மும்பையில் உள்ளது. அங்கே ஒரு தகவல் மையம் பழுதானால் வேலையைத் தொடர அருகில் ஒரு மையமும், தொலைவில் சென்னையில் ஒரு மையமும் அதற்கு உண்டு. மையங்களை இணைக்க இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பல இணைப்புகளைப் பெற்றிருந்தது. ஆயினும் 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்கு வணிகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இரு நிறுவனங்களின் இணைப்புகளும் தடுமாறின. பாதையில் நடந்த கட்டுமான, தோண்டும் பணிகளே அதற்குக் காரணம் என்று சந்தை பின்னர் விளக்கியது. இணைப்புகள் தடுமாறியதும் கோப்புகளைத் தாங்கும் சேமிப்பு அமைப்பு எதிர்பாராத வகையில் நடந்துகொண்டது. முதன்மைச் சேமிப்பைச் சர்வர்களால் அணுக முடியவில்லை. சென்னை மையத்துக்கு வேலையை மாற்றவும் இல்லை. மாலை 3.45 மணிக்குத்தான் வணிகம் மீண்டும் தொடங்கியது. அன்று 5 மணி வரை அது நீட்டிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? நிறுவனங்கள் இரண்டாக இருந்தாலும் ஒரே காரணம் இரண்டையும் தொட முடியுமானால் அவை இரண்டல்ல. பேரையூரில் மண்தோண்டும் எந்திரம் சாலையோரத்தில் இறங்கும்போது அது யார் கம்பி என்று பார்த்து வெட்டாது. ஆகவே படிகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள். எந்தெந்தக் காரணத்தால் அவை சேர்ந்து விழும் என்பதை எழுதிப் பாருங்கள். ஒரே சுவிட்ச் பெட்டி, ஒரே மின் இணைப்பு, ஒரே கூரை, ஒரே ஆள் கையில் உள்ள ஒரே கடவுச்சொல் ஆகிய எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

நகல் வேறு, காப்பு வேறு

மூன்று சர்வர்கள் இருந்தும் காக்க முடியாத ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் தவறுதலாக ‘பத்தாம் வகுப்பு’ என்னும் கோப்புத் தொகுதியை அழித்துவிடுகிறார். சர்வர்கள் கட்டளையைத் தட்டாமல் நிறைவேற்றும். மூன்று படிகளும் ஒரே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கெட்ட நிரல் புகுந்தாலும் இதே கதைதான். படியெடுப்பு நல்லதையும் படியெடுக்கும், கெட்டதையும் படியெடுக்கும்.

ஆகவே நேற்றைய நிலை, சென்ற வாரத்து நிலை, சென்ற மாதத்து நிலை ஆகியவற்றைத் தேதியிட்டுத் தனியே எடுத்து வைக்க வேண்டும். இதுவே காப்புப் படி. இதற்கு 3-2-1 என்று ஒரு வாய்பாடு சொல்வர். கோப்புக்கு மொத்தம் மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் ஊரிலோ கட்டடத்திலோ இருக்க வேண்டும். பேரையூர்ப் பள்ளி வாரம் ஒருமுறை ஒரு வெளி வட்டில் படி எடுத்து, கம்பியைக் கழற்றி, டி. கல்லுப்பட்டியிலோ மதுரையிலோ நம்பகமான ஓரிடத்தில் வைத்துவிடலாம். இணைப்பில் இல்லாத வட்டைக் கெட்ட நிரலால் தொட முடியாது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்த வட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் வேறொரு கணிப்பொறியில் செருகிக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுபோலவே ஒரு விடுமுறை நாளில் ஒரு சர்வரின் மின் இணைப்பை வேண்டுமென்றே பிடுங்கி, மற்ற இரண்டும் வேலையை ஏற்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். சோதிக்காத மாற்று ஏற்பாட்டை நம்புவது, ஒருமுறைகூடக் காற்று அடைத்துப் பார்க்காத மாற்றுச் சக்கரத்தோடு நெடும்பயணம் போவதைப் போன்றது.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலே இதனை வகுப்பில் விளையாடலாம். மூவர் சர்வர்களாக மூன்று மூலைகளில் நோட்டுடன் அமரட்டும். நான்காமவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். சொல்லும் முன் ‘யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். இரண்டு கைகளாவது உயர்ந்தால் மட்டுமே சொல்லைச் சொல்லலாம். சர்வர்கள் வரிசை எண் இட்டு எழுத வேண்டும். ஒருவர் இரண்டு சுற்றுகளுக்கு வெளியே போய்த் திரும்பட்டும். பெரிய வரிசை எண் உள்ள நோட்டைப் பார்த்துத் தமது நோட்டைச் சரிசெய்துகொள்ளட்டும். பிறகு இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவே தடுப்பு வைத்து, இரண்டு பேர் தனித்தனியே சொற்களைச் சொல்லிப் பாருங்கள். இரு தலைச் சிக்கல் உங்கள் கண்முன்னே தோன்றும்.

சிந்தியுங்கள்

1. ஐந்து சர்வர்கள் இருந்தால் எழுதுவதற்குக் குறைந்தது எத்தனை சேர்ந்திருக்க வேண்டும்? எத்தனை விழுந்தாலும் வேலை நடக்கும்?

2. நான்கு சர்வர்கள் வைப்பதால் மூன்றைவிடக் கூடுதல் பயன் உண்டா? கம்பி நடுவே அறுந்தால் என்ன ஆகும் என்று படம் வரைந்து பாருங்கள்.

3. உங்கள் பள்ளியின் மதிப்பெண் கோப்புகள் எத்தனை இடங்களில் உள்ளன? அவற்றுள் எத்தனை ஒரே கூரையின் கீழ் உள்ளன? காப்புப் படியைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எந்தத் தேதியில்? ஆசிரியரிடம் கேட்டு அறியுங்கள்.